கரண்டும் வெந்நீரும் ஒரே பேனலில்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சோலார் பேனலின் முதுகில் குழாய் ஒட்டி, கரண்டையும் வெந்நீரையும் சேர்த்தே எடுக்கும் 'ஹைபிரிட்' பேனல் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கீசர் பற்றி இரண்டு பக்கம் எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வரவில்லை. சோலார் வெந்நீர்க் கருவி மாட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் என்பதால் எனக்கும் இதில் ஆசை உண்டு, சந்தேகமும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் பதில் சொல்கிறேன்.

எங்கள் மொட்டை மாடி சிறியது. ஒரே பேனலில் கரண்டும் வெந்நீரும் வரும், இடம் மிச்சம் என்கிறார் விற்பனையாளர். நாலு பேர் உள்ள வீடு. வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

வேண்டாம் டீச்சர். யோசனையில் குற்றம் இல்லை. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பேனல் மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு பங்குதான் கரண்டாகிறது. கொஞ்சம் திருப்பி அடிக்கப்படுகிறது. மிச்சமெல்லாம் சூடு. பேனலின் பின்னால் 440 வாட் என்று அச்சடித்திருப்பது, உள்ளே இருக்கும் சிலிக்கான் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த கணக்கு. சித்திரை மதியம் உங்கள் மாடியில் அந்த செல் 65 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். ஆக, 440 வாட் பேனல் 380 வாட் பக்கம்தான் தரும். அந்தச் சூட்டைத் தண்ணீர் விட்டு இழுத்தால் கரண்டும் கூடும், தண்ணீரும் சுடும். இதுதான் ஹைபிரிட் பேனலின் தத்துவம்.

சிக்கல் எங்கே என்றால், குளியலுக்குச் சூடு வேண்டும், கரண்டுக்குக் குளிர்ச்சி வேண்டும். தொட்டியில் தண்ணீர் 50 டிகிரி ஆகிவிட்டால் அதே தண்ணீர்தான் பேனலின் முதுகிலும் ஓடும். அப்புறம் பேனல் எப்படிக் குளிரும்? அதனால் யார் இந்தப் பேனலைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எத்தனை டிகிரியில் தண்ணீர் வேண்டும்?

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆளுக்கு 40 லிட்டர், மொத்தம் 160 லிட்டர். 27 டிகிரித் தண்ணீரை 40 டிகிரி ஆக்கினால் சுகமான குளியல். இதற்குத் தேவையான சூடு ஏறக்குறைய இரண்டரை யூனிட். நல்ல வெயில் நாளில் ஒரே ஒரு ஹைபிரிட் பேனல் இதைச் செய்துவிடும், பொய் இல்லை. ஆனால் நல்ல வெயில் நாளில் உங்களுக்கு எதற்கு வெந்நீர்? பங்குனி, சித்திரையில் மதியம் குழாயைத் திறந்தாலே கையைச் சுடுகிறது, மாடித் தொட்டியே சோலார் ஹீட்டர் வேலையைப் பார்க்கிறது. வெந்நீர் கட்டாயம் தேவைப்படுவது ஐப்பசி மழையிலும் மார்கழி, தை விடியற்காலையிலும். மழை நாளில் ஹைபிரிட் பேனல் கைவிரிக்கும், கீசரைத்தான் போடுவீர்கள்.

அந்த இடத்தில் சாதாரண பேனல் போடுங்கள். ஒரு 440 வாட் பேனல் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு ஒன்றே முக்கால் யூனிட் தரும். கீசருக்குப் பதில் ஹீட் பம்ப் வைத்தால் அது ஒரு யூனிட் கரண்டை வாங்கிக்கொண்டு மூன்று யூனிட் சூடு தரும். சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தருவதால் இது முடிகிறது. அதாவது உங்கள் நாலு பேர் குளியல், ஒரு பேனலின் பாதி உற்பத்தியில் முடிந்துவிடும். ஹீட் பம்ப் விலை கட்டுப்படி ஆகவில்லையென்றால் பழைய கீசரே இருக்கட்டும். வெந்நீர் தேவைப்படாத மாதங்களில் அந்த கரண்ட் ஃபேனுக்கும் ஏ.சி.க்கும் போகும். வேண்டாத வெந்நீரை ஃபேனுக்கு ஊற்ற முடியாதே.

இன்னொன்று. உங்கள் தெருவில் சிறுவாணித் தண்ணீரா, போர் தண்ணீரா? சிறுவாணி என்றால் குழாய் பல வருஷம் தாங்கும். போர் தண்ணீரென்றால் உள்ளே உப்பு படிந்து நாளடைவில் அடைத்துக்கொள்ளும். சாதாரண சோலார் ஹீட்டரில் அடைத்தால் கழற்றி ஆசிட் விட்டுக் கழுவலாம். கரண்ட் வயரும் தண்ணீர்க் குழாயும் ஒரே பலகையில் இருந்தால் பிளம்பர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்வார், எலெக்ட்ரீஷியன் பிளம்பரைக் கூப்பிடச் சொல்வார்.

சாதாரண பேனலுக்கு 21 சதவீதம்தான், எங்கள் ஹைபிரிட் பேனலுக்கு 80 சதவீதத் திறன் என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். இது உண்மையா?
– வங்கி ஊழியர், மதுரை

வங்கியில் வேலை பார்க்கும் நீங்களே இப்படிக் கேட்கலாமா? ரூபாயையும் டாலரையும் அப்படியே கூட்டி மொத்தம் போட்டால் உங்கள் மேலாளர் விடுவாரா? விளம்பரம் செய்திருப்பது அந்தக் கூட்டல்தான்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழும். இரண்டு சதுர மீட்டர் பேனலுக்கு 2,000 வாட். அதில் 420 வாட் கரண்ட். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும்போது ஆயிரம் வாட் சூடு கிடைக்கலாம். கூட்டினால் 70 சதவீதத்தைத் தாண்டும். பொய் இல்லை, ஆனால் தண்ணீர் வெளிக்காற்றின் சூட்டிலேயே இருக்கும்போது அளந்தது அது. அந்தத் தண்ணீரில் குளித்தால் பச்சைத் தண்ணீரில் குளித்த மாதிரிதான். தொட்டி 45 டிகிரியை நெருங்கும்போது அந்த ஆயிரம் வாட் பாதிக்கு இறங்கிவிடும், ஏனென்றால் மேலே மூடி இல்லாத பேனல் தன் சூட்டைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். காற்று வேகமாக அடித்தால் இன்னும் மோசம்.

ஒரு யூனிட் கரண்டை வைத்து மிக்ஸி ஓட்டலாம், ஃபோன் சார்ஜ் செய்யலாம், ஹீட் பம்ப் இருந்தால் மூன்று யூனிட் சூடாகவும் மாற்றலாம். ஒரு யூனிட் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து வெதுவெதுப்பாகக் குளிக்கலாம், வேறொன்றும் முடியாது. இரண்டும் ஒரே மதிப்பு இல்லை. விற்பனையாளரிடம் சதவீதம் கேட்காதீர்கள். வெளிக்காற்று 30 டிகிரி, தொட்டித் தண்ணீர் 45 டிகிரி என்றால் எத்தனை வாட் சூடு, அப்போது எத்தனை வாட் கரண்ட் என்று கேளுங்கள். சூடு தரும் பக்கத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9806, கரண்ட் பக்கத்துக்கு ஐ.ஈ.சி. 61215 என்று தனித்தனிச் சோதனை உண்டு. இரண்டின் அறிக்கையும் கையில் இல்லாதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

எங்கள் பள்ளி விடுதியில் 80 பிள்ளைகள். விறகு பாய்லரில்தான் குளிக்க வெந்நீர் போடுகிறோம். ஹைபிரிட் பேனல் எங்களுக்கு உதவுமா? உறைபனி பயமும் இருக்கிறது.
– விடுதிக் காப்பாளர், ஊட்டி

வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். உங்களுக்கு உதவும், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை.

பிள்ளைக்கு 25 லிட்டர் வீதம் 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் 14 டிகிரி என்றால் 40-க்கு ஏற்ற 26 டிகிரி ஏற வேண்டும். மொத்தம் 60 யூனிட் சூடு. இந்த 26 டிகிரியையும் ஹைபிரிட் பேனலிடமே கேட்டீர்கள் என்றால், கடைசிப் பத்து டிகிரிக்கு அது திணறும். குளிர்காற்றில் பேனலின் சூடு வெளியே ஓடிக்கொண்டே இருக்குமே. ஆனால் முதல் 13 டிகிரி, அதாவது 14-இலிருந்து 27 வரை, அதற்கு மிகச் சுலபம். தண்ணீர் சில்லென்று இருப்பதால் பேனலும் குளிர்ந்து கரண்டையும் கூடத் தரும்.

எனவே பாதி வேலையை அதனிடம் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு பேனல் போட்டால் வெயில் நாளில் 30 யூனிட் சூடு எதிர்பார்க்கலாம். மீதி 30 யூனிட்டை ஹீட் பம்ப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பத்து யூனிட் கரண்ட் போதும், அந்தப் பத்து யூனிட்டை இதே பேனல்களே தந்து, மிச்சமும் வைக்கும். நெதர்லாந்தில் ஹைபிரிட் பேனலை ஹீட் பம்போடு ஜோடி சேர்த்துத்தான் வீடுகளில் மாட்டுகிறார்கள். அந்த ஊர்க் குளிருக்கு அது தனியாக எடுபடாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனி, ஆடி மழை மூட்டத்தில் உங்களுக்கும் எடுபடாது. அந்த மாதங்களுக்காக விறகு பாய்லரை உடைத்துப் போடாமல் வைத்திருங்கள்.

உறைபனி விஷயத்தில் உங்கள் பயம் சரியானது. மேகமில்லாத இரவில் பேனல் வானத்தைப் பார்த்துக்கொண்டு தன் சூட்டை இழப்பதால், வெளிக்காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கலாம். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகும் காலைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே பேனலுக்குள் குளிக்கும் தண்ணீரை ஓட்டவே கூடாது. உறையாமல் காக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த தண்ணீரைத் தனிச் சுற்றாக ஓட்டி, வெப்பமாற்றி வழியாகச் சூட்டை மட்டும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலை யாராவது மலிவு என்று ஊற்ற வந்தால் விரட்டுங்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற இடம்.

இன்னும் ஒன்று: 25-க்கும் 45-க்கும் இடையில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீர், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு ரொம்பப் பிடிக்கும். குளியல் அறைக்குத் தண்ணீர் போகும் தொட்டியை 60 டிகிரியில் வைத்து, குழாய் முனையில் பச்சைத் தண்ணீர் கலந்து விடுங்கள். அப்படி வைத்தால் ஹீட் பம்புக்கு வேலை கூடும், பேனல்களின் மிச்ச கரண்ட் அதற்குப் போகட்டும். முடிந்தால் பெரிய பிள்ளைகளின் குளியலைச் சாயங்காலம் விளையாட்டுக்குப் பிறகு என்று மாற்றிப் பாருங்கள். ராத்திரி முழுக்கச் சூட்டைக் காப்பாற்றும் செலவு குறையும்.

ஹைபிரிட் பேனலுக்கு மத்திய அரசு மானியம் உண்டா?
– வாசகர், திருச்சி

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் வீடுகளுக்கு மானியம். இது கரண்டுக்கு மட்டும். வெந்நீருக்காகத் தனியாக ஒரு பைசா கிடையாது. அதோடு, உள்நாட்டில் செய்த செல், உள்நாட்டில் செய்த பேனல் என்ற நிபந்தனை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஹைபிரிட் பேனலை மாட்டிவிட்டு மானியத்துக்கு விண்ணப்பித்தால் திரும்பி வந்துவிடும். பணம் கட்டும் முன் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் சோலார் மோட்டார் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் குளுகுளுவென்றுதான் வருகிறது. அதைப் பேனல் மேலே தெளித்தாலோ, பின்னால் குழாய் வைத்து ஓட்டினாலோ அதிகத் தண்ணீர் இறைக்குமா?
– விவசாயி, தாராபுரம்

இறைக்கும். 65 டிகிரிப் பேனலை 40-க்கு இறக்கினால் உச்சி வெயிலில் எட்டொன்பது சதவீதம் கூடும். ஆனால் பத்துப் பேனல் வைத்திருப்பவருக்கு எட்டு சதவீதம் என்பது ஒரு பேனலின் உற்பத்திகூட இல்லை. குழாய், வால்வு, பராமரிப்பு என்று செலவழிப்பதைவிட, கன்ட்ரோலர் ஏற்குமானால் இன்னொரு பேனலைச் சேர்த்துவிடுங்கள்.

மேலே தெளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், சுரண்டினாலும் போகாது. குளிர்ச்சியால் வந்த லாபத்தை அந்த வெள்ளைப் படலம் தின்றுவிடும். கொதிக்கிற கண்ணாடியில் சட்டென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. தூசி கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மழைத் தண்ணீர் இருந்தால் அதிலேயே.

பேனல் தகரக் கூரை மேல் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். காற்று உள்ளே நுழைந்து வெளியே வர வழி இருந்தாலே பல டிகிரி குறையும். இதற்குக் காசு இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்? மேலே ஒரு கண்ணாடி போட்டு மூடினால் தண்ணீர் நன்றாகச் சுடுமே, ஏன் எல்லோரும் செய்வதில்லை?
– பொறியியல் மாணவி, தஞ்சாவூர்

'முதலில்' என்று ஒருவரைக் கை காட்டுவது கஷ்டம். ஆனால் 1973-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கார்ல் போயர் குழுவினர் 'சோலார் ஒன்' என்று ஒரு வீடு கட்டினார்கள். கூரையில் காட்மியம் சல்பைடு செல்கள், அவற்றின் பின்னால் காற்று ஓடும் வழி. கரண்டும் அந்தக் கூரையிலிருந்தே, வீட்டுக்குச் சூடும் அந்தக் கூரையிலிருந்தே. அதே வருஷ அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் உலகமே அந்த மாதிரிக் கூரைகளைத் திரும்பிப் பார்த்தது. ஆக, விளம்பரத்தில் 'புத்தம் புது தொழில்நுட்பம்' என்று போட்டிருந்தால் அதற்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

உன் இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. கண்ணாடி மூடினால் சூடு உள்ளேயே தங்கும், 60, 70 டிகிரி வரை போகலாம். சரி, ஒருநாள் பம்ப் நின்றுவிட்டால்? அல்லது வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால்? தண்ணீர் ஓடாது, வெயில் மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். மூடிய பேனல் 100 டிகிரியைத் தாண்டி 150 வரைகூடப் போகலாம். சாதாரண பேனல்களைச் சோதிப்பதே 85 டிகிரி வரைதான். செல்லையும் கண்ணாடியையும் ஒட்டியிருக்கும் ஈ.வி.ஏ. என்கிற பசைத்தாள் அந்தச் சூட்டில் பழுப்பேறும், செல்லை விட்டுப் பிரியும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. கலிஃபோர்னியாவின் கரிசோ சமவெளியில் 1980-களில் ஆர்கோ நிறுவனம் ஒரு பெரிய சூரிய மின் நிலையம் போட்டது. அதிக வெளிச்சம் விழட்டும் என்று பேனல்களுக்கு இருபுறமும், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பலகைகளை வைத்தார்கள். அதிக வெளிச்சம் வந்தது, கூடவே அதிகச் சூடும் வந்தது. சில வருஷங்களில் ஈ.வி.ஏ. பழுப்பு நிறமாகி உற்பத்தி படுத்துவிட்டது. அது ஹைபிரிட் பேனல் இல்லைதான், ஆனால் பேனலைச் சுட வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கற்றுக்கொண்டது அங்கேதான். ஈ.வி.ஏ.வுக்குப் பதில் சிலிக்கோன் என்கிற ரப்பர் மாதிரிப் பசையைப் பயன்படுத்தலாம், சூடு ஏறினால் தானாகக் காற்று திறக்கும் ஜன்னல் வைக்கலாம். எல்லாம் நடக்கிறது. எல்லாம் விலையையும் ஏற்றுகிறது. கடைசி வருஷ புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறாய் என்றால் இதையே எடு.

எங்கள் நீச்சல் பயிற்சி மையத்தில் 25 மீட்டர் குளம் இருக்கிறது. மார்கழியில் பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்ப மறுக்கிறார்கள்.
– பயிற்சியாளர், கோவை

ஹைபிரிட் பேனலுக்காகவே பிறந்த வாடிக்கையாளர் நீங்கள். உங்களுக்கு 27, 28 டிகிரி போதும். அந்தச் சூட்டில் பேனல் முழுத் திறனோடு வேலை செய்யும், செல்லும் குளிர்ந்தே இருக்கும். மேலே கண்ணாடி மூடி கூடத் தேவையில்லை.

ஆனால் அளவைப் பார்த்து மலைக்காதீர்கள். 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் சுமார் 4,70,000 லிட்டர். இதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற 545 யூனிட் சூடு வேண்டும். ஒரு பேனல் நாளுக்கு ஐந்து யூனிட் சூடு தந்தால், நூறு பேனலுக்கு மேல். கூடவே 170 யூனிட்டுக்கு மேல் கரண்டும் வரும், பில்லுக்கு அது பெரிய நிம்மதி. அதற்கு முன் இரவில் குளத்தை மூட ஒரு மிதவை விரிப்பு வாங்குங்கள். குளம் இழக்கும் சூட்டில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது. விரிப்பு இல்லாமல் பேனல் போட்டால், பகலில் ஏற்றியதை இரவில் வானத்துக்குத் தானம் செய்வீர்கள். குளோரின் தண்ணீரை நேராகச் செப்புக் குழாயில் ஓட்ட வேண்டாம், அரித்துவிடும். நடுவில் டைட்டானியம் வெப்பமாற்றி வையுங்கள்.

முண்டு மிளகாய் காய வைக்க இந்தப் பேனல் ஆகுமா? களத்தில் காயப் போட்டால் மண்ணும் தூசியும் ஒட்டுகிறது.
– உழவர் குழு உறுப்பினர், ராமநாதபுரம்

தண்ணீருக்குப் பதில் காற்று ஓடும் ஹைபிரிட் பேனல் இருக்கிறது. வெளிக்காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி சூடான காற்று தரும், மிளகாய்க்கு அது போதும், நிறமும் கெடாது. இதில் ஓர் அழகு உண்டு: காற்றைத் தள்ளும் ஃபேன் அதே பேனலின் கரண்டில் ஓடினால், வெயில் ஏற ஏற ஃபேன் வேகமெடுக்கும், மேகம் மறைத்தால் தானே மெதுவாகும். ஆள் நின்று பார்க்க வேண்டாம்.

ஆனால் உங்கள் ஊர் வெயிலுக்கு இவ்வளவு செலவு எதற்கு? வளைந்த பாலிகார்பனேட் கூடாரம் போட்டு ஒரு சின்ன சோலார் ஃபேன் வையுங்கள். மண் ஒட்டாது, கோழி மிதிக்காது, ராத்திரிப் பனியில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்காது. கூடாரத்தோடு அரவை இயந்திரம், குளிர் அறை என்று பகலில் கரண்ட் தேவையும் குழுவுக்கு வரும் நாளில் ஹைபிரிட் பற்றிப் பேசலாம்.

ஏற்கெனவே மாடியில் இருக்கும் பேனல்களின் பின்னால் நானே செப்புக் குழாய் ஒட்டிக்கொள்ளலாமா? யூடியூபில் ஒருவர் செய்து காட்டுகிறார்.
– வாசகர், சேலம்

ஒட்டலாம். ஒட்டிய அன்றே 25 வருஷ வாரண்டி போய்விடும். பேனலின் பின்தாளில் கீறல் விழுந்து, மேலே குழாயில் கசிவும் வந்தால், நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி. கரண்ட் ஈரத்தோடு சேரும். பகலில் வெயில் இருக்கும்வரை அந்த கரண்டை எந்த மெயின் சுவிட்சாலும் பேனலுக்குள் அணைக்க முடியாது. அந்த வீடியோக்காரர் பழைய பேனல் ஒன்றைத் தரையில் வைத்துத்தானே செய்து காட்டினார்? நீங்களும் செய்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் காயலான் கடையில் ஒரு பழைய பேனல் வாங்கி, வேறு எதோடும் இணைக்காமல், தரையில் வைத்துப் பாருங்கள். எத்தனை டிகிரி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.